பழைய வேலூர், புதிய மூன்று: மாவட்டப் பொருளாதார எண்களை ஒப்பிடுவது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

வேலூர் மாவட்டத்தின் எந்தப் பொருளாதாரத் தொடரை எடுத்து வரைபடம் போட்டாலும் 2019-20க்குப் பக்கத்தில் கோடு சடாரென்று கீழே இறங்கும். வங்கி வைப்புத்தொகை, பயிர்ப் பரப்பு, தொழிற்சாலை எண்ணிக்கை எல்லாவற்றிலும் இதே கதைதான். கொரோனாக் காலமும் அதே இடத்தில் வந்து சேர்வதால், அதையே காரணமாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சரிவின் பெரும்பகுதி மாவட்ட எல்லை மாறியதால் வந்தது. 2019 ஆகஸ்ட் 15 அன்று வேலூரை மூன்றாகப் பிரிக்கும் அறிவிப்பு வந்தது; நவம்பர் 28 அன்று ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகச் செயல்படத் தொடங்கின.

2011-12 முதல் இன்றுவரை இந்த மூன்று மாவட்டங்களின் பொருளாதாரம் எப்படி நகர்ந்தது என்பதை அரசுப் புள்ளிவிவரங்களை மட்டும் கொண்டு சொல்ல முடியுமா, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே இங்கே கேள்வி. வேலூரை எடுத்ததற்குக் காரணம் உண்டு. தோல் தொழில், கனரகத் தொழில், மருத்துவமும் உயர்கல்வியும், பீடியும் தீப்பெட்டியும், வேளாண்மை என்று அத்தனையும் ஒரே மாவட்டத்தில் இருந்து, பிரிவினையில் வெவ்வேறு பக்கம் போயின. ஆகவே பங்கிடும் முறையில் செய்யும் பிழை எதுவானாலும் இங்கே பெரிதாகத் தெரியும்.

எல்லையைச் சரிபார்த்தல்

மாவட்டம் பிரிந்த வழக்குகளில் முதலில் பார்க்க வேண்டியது, புதிய மாவட்டங்களைக் கூட்டினால் பழைய மாவட்டம் அப்படியே கிடைக்கிறதா என்பது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பழைய வேலூரின் மக்கள்தொகை 39,36,331. அதே கணக்கெடுப்பை இன்றைய எல்லைக்கு மாற்றிப் பிரித்த எண்கள்: வேலூர் 16,14,242, ராணிப்பேட்டை 12,10,277, திருப்பத்தூர் 11,11,812. மூன்றையும் கூட்டினால் ஒரு ஆள்கூடக் குறையாமல் 39,36,331 வருகிறது. அக்கம்பக்கத்து மாவட்டத்திலிருந்து எதுவும் உள்ளே வரவில்லை, இங்கிருந்து எதுவும் வெளியே போகவில்லை என்று இதை வைத்து முடிவுசெய்யலாம்.

எல்லா மாவட்டங்களும் இவ்வளவு சுத்தமாகப் பிரிவதில்லை. 2009இல் உருவான திருப்பூர், கோயம்புத்தூர், ஈரோடு இரண்டிலிருந்தும் பகுதிகளை எடுத்துக்கொண்டது. 2018இல் சென்னை மாவட்டம் விரிந்தபோது காஞ்சிபுரம், திருவள்ளூர் இரண்டும் நிலம் இழந்தன. அங்கெல்லாம் கூட்டிப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமென்றால் சம்பந்தப்பட்ட எல்லா மாவட்டங்களையும் சேர்த்து ஒரே தொகுதியாகத்தான் பார்க்க முடியும். வேலூருக்குப் பின்னோக்கிப் போனாலும் அதே சிக்கல் காத்திருக்கிறது: 1989இல் வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலைப் பகுதி தனியே போனது. எனவே 1981 கணக்கெடுப்பின் வட ஆற்காட்டையும் 1991 கணக்கெடுப்பின் வேலூர்ப் பகுதியையும் ஒரே கோட்டில் வைக்கக் கூடாது.

எல்லை சுத்தமாக இருந்தால் இரண்டு வழிகள் உண்டு. மூன்று புதிய மாவட்டங்களையும் கூட்டி ‘பழைய வேலூர்’ என்ற தொடரை இன்றுவரை நீட்டுவது ஒன்று. பழைய எண்ணை மூன்றாகப் பிரித்து, புதிய மாவட்டங்களுக்கு ஒரு கடந்த காலத்தை உருவாக்குவது மற்றொன்று. முதல் வழியில் தேவைப்படுவது கூட்டல் மட்டும், ஊகத்துக்கு இடமில்லை. இரண்டாவது வழியில் நாம் போடும் ஒவ்வொரு எண்ணும் மதிப்பீடுதான். வளர்ச்சி வேகம் பற்றிய கேள்விக்கு முதல் வழியே போதும் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. ‘ராணிப்பேட்டை 2011-12 முதல் எவ்வளவு வளர்ந்தது’ என்று கேட்டால் மட்டுமே இரண்டாவது வழிக்குப் போக வேண்டும்.

ஒரு நுணுக்கம்: நவம்பர் 28 நிதியாண்டின் நடுவில் விழுகிறது. 2019-20க்கான எண்ணைச் சில துறைகள் பழைய எல்லையிலும், சில புதிய எல்லையிலும் தந்திருக்கலாம். அந்த ஒரு ஆண்டுக்கு மட்டும் ஒவ்வொரு அட்டவணையிலும் மாவட்டங்கள் 32-ஆ, 37-ஆ என்று எண்ணிப் பாருங்கள். மயிலாடுதுறை 2020 டிசம்பரில் வந்த பிறகு 38.

பெயர்களும் குறியீடுகளும்

இந்தக் கட்டத்தில் நேரத்தைச் சேமிக்க நினைப்பவர்கள் பின்னால் இரட்டிப்பாகச் செலவழிக்கிறார்கள். தமிழ்நாட்டில் திருப்பத்தூர் இரண்டு. ஒன்று பழைய வேலூரில் இருந்து இப்போது மாவட்டத் தலைநகராகியிருக்கிறது. மற்றொன்று சிவகங்கை மாவட்டத்தின் வட்டம். வட்ட அளவிலான தரவை ஊர்ப்பெயரை வைத்து எக்ஸெலில் இணைத்தால், சிவகங்கையின் வயல்கள் வடக்கே வந்து சேரும். பிழைச்செய்தி எதுவும் வராது, வரிசை எண்ணிக்கையும் சரியாகவே இருக்கும். போதாக்குறைக்கு ஆங்கில அட்டவணைகளில் இந்த ஊரின் பெயர் துறைக்குத் துறை வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் வரும்.

ஆகவே பெயரால் இணைக்காமல் குறியீட்டால் இணையுங்கள். 2011 கணக்கெடுப்பில் கிராமத்துக்கு ஆறு இலக்கக் குறியீடு, வட்டத்துக்கு ஐந்து இலக்கக் குறியீடு. இந்தியாவின் வட்டங்கள் ஆறாயிரத்துக்கும் குறைவு என்பதால் ஐந்து இலக்கக் குறியீடுகள் பூஜ்யத்தில்தான் தொடங்கும். எக்ஸெல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு பூஜ்யத்தைத் தின்றுவிடும். அப்புறம் ஒரு கோப்பில் ஐந்து இலக்கம், இன்னொன்றில் நான்கு இலக்கம், எதுவும் பொருந்தாது. கோப்பைத் திறக்கும்போதே அந்த நெடுவரிசையை ‘உரை’ என்று குறித்துவிட வேண்டும்.

வட்டத்தை அலகாக வைத்துப் பிரிப்பதும் போதாது. 2011 கணக்கெடுப்பில் பழைய வேலூருக்கு 8 வட்டங்கள்தான்: அரக்கோணம், வாலாஜா, ஆற்காடு, காட்பாடி, குடியாத்தம், வேலூர், வாணியம்பாடி, திருப்பத்தூர். ஆம்பூர், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, நெமிலி ஆகியவை அந்த அட்டவணையில் தனி வட்டங்களாக இல்லை. புதிய வட்டத்தின் எல்லை பழைய வட்டத்தின் எல்லையை ஒட்டியே போயிருக்கும் என்று எடுத்துக்கொள்ளாமல், கிராம அளவுக்கு இறங்குவதுதான் பாதுகாப்பு. ஒன்றிய அரசின் உள்ளாட்சி அடைவான எல்.ஜி.டி. தளத்தில் ஒவ்வொரு கிராமத்துக்கும் இன்றைய வட்டம், மாவட்டம், 2011 கணக்கெடுப்புக் குறியீடு மூன்றும் கிடைக்கும். அதைப் பதிவிறக்கி, கணக்கெடுப்பின் முதன்மைச் சுருக்க அட்டவணையோடு (கிராமவாரி மக்கள்தொகை, தொழிலாளர் எண்ணிக்கை கொண்டது) இணைத்தால் இணைப்பு அட்டவணை தயார்.

இணைத்து முடித்ததும் மூன்று மாவட்டக் கூட்டுத்தொகையையும் மேலே சொன்ன எண்களோடு ஒப்பிடுங்கள். கணிசமாகக் குறைந்தால், பெரும்பாலும் நகரங்களை விட்டிருப்பீர்கள். கிராமப் பட்டியலில் நகராட்சியும் பேரூராட்சியும் வராது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் எல்லாம் நகரப் பட்டியலில் தனியே இருக்கும். தொழில் பற்றிய ஆய்வில் அந்த ஊர்களை விட்டால் கையில் எதுவும் மிஞ்சாது.

மாவட்ட உள்நாட்டு உற்பத்தி: அளந்த எண்ணும் பங்கிட்ட எண்ணும்

மாநிலப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை தரும் மாவட்ட உள்நாட்டு உற்பத்தி மதிப்பீடுதான், அதாவது ஓராண்டில் மாவட்டத்துக்குள் உருவான பொருள், சேவைகளின் மதிப்புதான், எல்லோரும் முதலில் தேடுவது. ஒரே எண்ணில் மாவட்டத்தின் கதையே அடங்கிவிட்டதுபோல் தோன்றுவதால், மிக அதிகமாகத் தவறாகப் பயன்படுவதும் இதுதான்.

இந்த மதிப்பீடு இரண்டு வகை எண்களின் கலவை. பயிர், கால்நடை, மீன், கனிமம் போன்ற துறைகளில் மாவட்ட அளவிலேயே உற்பத்தித் தரவு இருக்கிறது; அங்கே எண் கீழிருந்து மேலே போகிறது. ரயில்வே, தொலைத்தொடர்பு, வங்கியும் காப்பீடும், பொது நிர்வாகம், வணிகத்தின் பெரும்பகுதி போன்றவற்றில் முதலில் மாநிலத்துக்கு ஒரு தொகை கணக்கிட்டு, பிறகு பணியாளர் எண்ணிக்கை, கிளை எண்ணிக்கை போன்ற ஏதோ ஒரு குறிகாட்டியின் விகிதத்தில் மாவட்டங்களுக்குப் பங்கிடுகிறார்கள். அங்கே எண் மேலிருந்து கீழே வருகிறது. பங்கிடும் விகிதம் பழைய கணக்கெடுப்பிலிருந்து எடுத்ததாக இருந்தால், அந்தத் துறையில் மூன்று மாவட்டங்களும் மாநிலத்தின் வேகத்திலேயே வளர்வதாகத் தெரியும். உண்மையில் வளர்ந்தனவா என்பதற்கு அதில் எந்தச் சான்றும் இல்லை.

கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஒவ்வொரு துறைக்கும், ஒவ்வொரு ஆண்டுக்கும், மாவட்ட மதிப்பை மாநில மதிப்பால் வகுத்து நூற்றால் பெருக்குங்கள். ஒரு துறையின் பங்கு ஐந்தாறு ஆண்டுகளாக இரண்டாம் தசம இடம்வரை அசையாமல் நின்றால் அது பங்கிட்ட எண். ஏறி இறங்கினால் அளந்த எண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். திடீரென்று ஒரு ஆண்டில் படிபோல் மாறி, மறுபடி அசையாமல் நின்றால் அந்த ஆண்டில் குறிகாட்டியைப் புதுப்பித்திருக்கிறார்கள். அந்தப் படியை ‘வளர்ச்சி’ என்று எழுதிவிடக் கூடாது. இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் போதும். இதைச் செய்யாமல் மாவட்ட வளர்ச்சி விகிதத்தை மேற்கோள் காட்டும் அறிக்கைகளை நம்புவது கடினம்.

துறைவாரியாக இப்படிப் பிரித்தபின், அளந்த துறைகளை மட்டும் வைத்து மாவட்டங்களை ஒப்பிடலாம். பங்கிட்ட துறைகளை மொத்த அளவு, கட்டமைப்பு பற்றிப் பேசும்போது சேர்த்துக்கொள்ளலாம். வேகம் பற்றிப் பேசும்போது விட்டுவிட வேண்டும்.

அடுத்தது தலா வருமானம் என்ற பெயர்க் குழப்பம். மாவட்ட உள்நாட்டு உற்பத்தி, வருமானம் உருவாகும் இடத்தைக் கணக்கிடுகிறது. போய்ச் சேரும் இடத்தை அல்ல. ராணிப்பேட்டையின் பெல் ஆலையில் உருவாகும் மதிப்பு ராணிப்பேட்டைக்கே சேரும், சம்பளம் வாங்குபவர் காட்பாடியில் குடியிருந்தாலும் சரி, லாபம் வேறு மாநிலத்துக்குப் போனாலும் சரி. பிரிவினைக்கு முன் இரண்டு ஊரும் ஒரே மாவட்டம் என்பதால் இந்த வேறுபாடு தெரியவில்லை. இன்று மாவட்டங்கள் சின்னதாகிவிட்டன. ஒரு மாவட்டத்தில் வேலை, இன்னொன்றில் வீடு என்பது சகஜம். சின்ன மாவட்டம் ஆக ஆக, தலா உற்பத்தியை மக்களின் வாழ்க்கைத் தரமாகப் படிப்பது அதிகத் தவறாகும்.

வகுக்கும் எண்ணிலும் பிரச்சினை உண்டு. 2011க்குப் பிறகு கணக்கெடுப்பு நடக்கவில்லை. தேசிய மக்கள்தொகை ஆணையத்தின் தொழில்நுட்பக் குழு தந்த 2011–2036 கணிப்புகள் மாநில அளவில் நிற்கின்றன. மாவட்ட எண் வேண்டுமென்றால் யாரோ ஒருவர் பங்கு பிரித்திருக்க வேண்டும். பழைய வேலூரில் 2011இன் பங்குகள்: வேலூர் 41.0%, ராணிப்பேட்டை 30.7%, திருப்பத்தூர் 28.2%. இவை மாறாமல் நிற்கின்றன என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் அதை அட்டவணையின் கீழே வெளிப்படையாகச் சொல்லுங்கள். 2027 மார்ச் 1ஐ ஆதார நாளாகக் கொண்ட கணக்கெடுப்பின் எண்கள் வரும்போது தலா எண்கள் அனைத்தும் மாறும். அப்போது திருத்த வசதியாக மொத்த மதிப்பு, மக்கள்தொகை, தலா மதிப்பு மூன்றையும் தனித்தனி நெடுவரிசையில் வைத்திருக்க வேண்டும்.

விலை மாற்றத்தைப் பற்றிச் சுருக்கமாக: மாவட்டத்துக்கென்று தனி விலைக் குறியீடு கிடையாது, மாநில அளவிலான விலை மாற்றத்தையே பயன்படுத்துகிறார்கள். 2004-05ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட தொடரையும் 2011-12ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட தொடரையும் இணைக்க வேண்டுமானால், இரண்டிலும் இருக்கும் 2011-12ஆம் ஆண்டின் விகிதத்தைத் துறைவாரியாகக் கண்டு, பழைய எண்களை அதனால் பெருக்குங்கள். அப்படிப் பெருக்கிய துறைகளின் கூட்டல் மொத்தத்தோடு பொருந்தாது. பொருந்த வைக்கவும் முயல வேண்டாம். 2022-23 அடிப்படைத் தொடரோடு இணைக்கும்போதும் இதே வேலை மறுபடி வரும்.

தோல் தொழிலைப் பிரிக்கும்போது

பழைய வேலூரின் தோல் தொழிலை மூன்றாகப் பிரிக்க மக்கள்தொகைப் பங்கைப் பயன்படுத்தினால் 41% இன்றைய வேலூருக்குப் போகும். ஆனால் தோல் பதனிடும் ஆலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் அடர்த்தியாக இருப்பது ஆம்பூர், வாணியம்பாடி (திருப்பத்தூர் மாவட்டம்), ராணிப்பேட்டை, மேல்விஷாரம் (ராணிப்பேட்டை மாவட்டம்) ஆகிய ஊர்களில். இன்றைய வேலூரில் குறிப்பிட்டுச் சொல்லும்படியான தோல் ஊர் பேரணாம்பட்டு. மக்கள்தொகையால் பிரித்தால் வேலூருக்கு இல்லாத தொழில் கிடைக்கும். அடுத்த ஆண்டு உண்மைத் தரவு வரும்போது அந்தத் தொழில் ‘அழிந்துபோனதாக’ கோடு காட்டும்.

இதற்குச் சரியான எடையை, அதாவது பங்கு பிரிக்கும் விகிதத்தை, தருவது 2013இல் நடந்த 6வது பொருளாதாரக் கணக்கெடுப்பு. அதன் அலகுத் தரவில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இடக் குறியீடு, தொழில் வகைக் குறியீடு, வேலை செய்வோர் எண்ணிக்கை இருக்கின்றன. தோல் மற்றும் தோல்பொருள் வகையை வடிகட்டி, ஏற்கெனவே செய்த இணைப்பு அட்டவணையால் மூன்று மாவட்டங்களுக்கும் ஆட்களைக் கூட்டி, அந்த விகிதத்தை எடையாகப் பயன்படுத்தலாம். பயிர்ச் சாகுபடியும் பொது நிர்வாகமும் அந்தக் கணக்கெடுப்பில் இல்லை என்பதால் அவற்றுக்கு வேறு எடை தேட வேண்டும். சாகுபடிக்கு, கணக்கெடுப்பின் விவசாயிகள், விவசாயத் தொழிலாளர் எண்ணிக்கை. கிராம வாரியாகக் கிடைக்கிறது.

ஆள் எண்ணிக்கையால் பிரிப்பதிலும் ஒரு சாய்வு இருக்கிறது. இயந்திரமயமான பதனிடும் ஆலையில் ஒருவர் உருவாக்கும் மதிப்பும் ஷூ மேற்பகுதி தைக்கும் கூடத்தில் ஒருவர் உருவாக்கும் மதிப்பும் சமமல்ல. ஆகவே இரண்டு வெவ்வேறு எடைகளால் பிரித்துப் பார்த்து, இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது நல்ல பழக்கம். இரண்டுக்கும் நடுவிலான இடைவெளி, நீங்கள் சொல்ல வந்த வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தால் அந்த வாக்கியத்தை எழுத வேண்டாம்.

தொழிற்சாலைகள் ஆண்டுக் கணக்கெடுப்பு (ஏ.எஸ்.ஐ.) இந்த ஊர்களின் பாதிப் படத்தையே தரும். மின்சாரத்தோடு 10 பேர், மின்சாரமில்லாமல் 20 பேர் என்ற வரம்பை எட்டிப் பதிவான ஆலைகளே அதில் வருகின்றன. ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீட்டிலிருந்தே ஷூ மேற்பகுதி தைக்கும் பெண்கள் அதில் இல்லை. அவர்களைப் பற்றிய விவரத்தை, கம்பெனியாகப் பதிவாகாத தொழில்களுக்கான அசூஸ் (ASUSE) கணக்கெடுப்பிலும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பிலும் (PLFS) தேட வேண்டும். ஏ.எஸ்.ஐ. ஆலை இருக்கும் இடத்தில் எண்ணுகிறது. தொழிலாளர் கணக்கெடுப்பு வீடு இருக்கும் இடத்தில் எண்ணுகிறது. பேரணாம்பட்டுப் பக்கம் வீடு, ஆம்பூரில் வேலை என்றால் ஒரே ஆள் ஒன்றில் திருப்பத்தூர், மற்றொன்றில் வேலூர். இரண்டையும் ஒன்றால் ஒன்றை வகுத்து ‘ஒரு தொழிலாளியின் உற்பத்தி’ என்று எழுதினால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

சிறுதொழில் எண்ணிக்கைக்காக ஒன்றிய அரசின் உத்யம் இணையப் பதிவைப் பயன்படுத்துவோர் கவனிக்க: பதிவு 2020 ஜூலை 1இல் தொடங்கியது, 2021 ஜூலையில் வணிகர்களும் சேர்க்கப்பட்டார்கள், 2023 ஜனவரியில் பதிவில்லாத மிகச் சிறு தொழில்களுக்குத் தனி வழி திறந்தது. ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை எகிறியது. அதில் புதிய தொழில் எவ்வளவு, புதிய பதிவு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. மாவட்டங்களின் போக்குக்கு இதை நாங்கள் பயன்படுத்த மாட்டோம்.

வங்கி எண்கள்

ரிசர்வ் வங்கி காலாண்டுதோறும் மாவட்ட வாரியாக வைப்பு, கடன், கணக்குத் தரும் கிளைகளின் எண்ணிக்கை மூன்றையும் வெளியிடுகிறது. சீக்கிரம் கிடைக்கும் மாவட்டத் தரவு என்பதால் மதிப்பு அதிகம். எல்லை மாற்றம் எந்தக் காலாண்டில் புத்தகத்துக்குள் வந்தது என்பதைக் கிளை எண்ணிக்கையே காட்டிக்கொடுக்கும்: வேலூரின் வைப்புத்தொகை இறங்கும் அதே காலாண்டில் கிளைகளும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்து, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இரண்டு புதிய வரிகள் தோன்றினால், அது கிளைகளை மறுபதிவு செய்ததன் விளைவு. அறிவிப்புத் தேதியும் இந்தக் காலாண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. துறைக்குத் துறை மாறும்.

கடன்-வைப்பு விகிதத்தை மாவட்டத்தின் தொழில் ஊக்கத்துக்கு அடையாளமாகக் காட்டுவது வழக்கம். கடன் எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த மாவட்டத்தின் கணக்கில் வருகிறது. ஆலை வாணியம்பாடியில், அலுவலகமும் வங்கிக் கணக்கும் சென்னை பெரியமேட்டில் என்றிருக்கும் ஏற்றுமதியாளரின் கடன் சென்னைக் கணக்கு. ஆகவே இங்கே விகிதம் குறைவாக இருந்தால் தொழில் குறைவு என்று பொருள்கொள்ள முடியாது. மூன்று மாவட்டங்களுக்கிடையேயான ஒப்பீட்டைவிட, ஒரே மாவட்டத்தின் வைப்புத்தொகை காலப்போக்கில் எப்படி நகர்கிறது என்பதே இங்கு நம்பகமானது.

வேளாண்மையும் வேலைவாய்ப்பும்

பயிர்ப் பரப்புக்குப் பருவம் மற்றும் பயிர் அறிக்கை நல்ல மூலம். அடங்கல் என்ற கிராமப் பயிர்ப் பதிவேட்டிலிருந்து கிராமவாரியாக எழும்பி வருவதால் பரப்பைப் பின்னோக்கிப் பிரிப்பது சுலபம். விளைச்சல் அப்படியல்ல. அது சில வயல்களில் செய்யும் பயிர் அறுவடைச் சோதனையின் சராசரி. பழைய மாவட்டத்துக்காகத் திட்டமிட்ட சோதனைகளை மூன்றாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் எண்ணிக்கை போதாது. பயிர்ப் பதிவுகள் பின்பற்றும் பசலி ஆண்டு ஜூலை முதல் ஜூன் வரை, நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை என்பதையும் மறக்கக் கூடாது.

காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு 2024 வரை மாவட்டத்துக்காக வடிவமைக்கப்பட்டதல்ல. அலகுத் தரவில் மாவட்டக் குறியீடு இருக்கிறது என்பதற்காகவே மாவட்ட வேலையின்மை விகிதம் கணக்கிடுகிறார்கள். ஒரு சில டஜன் குடும்பங்களின் பதில்கள் ஒரு மாவட்டத்தின் விதியாகிவிடுகின்றன. 2025 ஜனவரி முதல் மாதிரியில் மாவட்டமே அடிப்படை அடுக்கு. இனிமேல் மாவட்ட எண் கணக்கிட அடித்தளம் இருக்கிறது, ஆனால் ஒப்பு நியமப் பிழையையும் (மாதிரியால் வரும் நியமப் பிழை, மதிப்பீட்டில் எத்தனை சதவீதம் என்பது) சேர்த்தே போட வேண்டும். அது 25–30 சதவீதத்தைத் தாண்டினால், ஓராண்டின் சுற்றுகளைச் சேர்த்துக் கணக்கிடுங்கள், அல்லது அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

எது நின்றது, எது நிற்கவில்லை

பழைய வேலூரை ஒரே தொகுதியாக வைத்து 2011-12 முதல் இன்றுவரை வைப்புத்தொகை, பயிர்ப் பரப்பு, உற்பத்தியின் அளந்த துறைகள் மூன்றிலும் முறிவில்லாத தொடர் கட்ட முடிகிறது. புதிய மாவட்டங்களுக்குத் தனித்தனியாக, பிரிவினைக்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு மட்டுமே அதே தரத்தில் தொடர் கிடைக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் 2011, 2013 ஆகிய இரண்டு நிலைப்புள்ளிகளில் கட்டமைப்பைக் காட்டலாம்: எந்த மாவட்டத்தில் எந்தத் தொழில், எத்தனை பேர். நடுவிலுள்ள ஆண்டுகளுக்கு மாவட்ட வாரியான வளர்ச்சி விகிதம் கொடுப்பது, எடைகளை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தாலும், தரவில் இல்லாத ஒன்றைச் சொல்வதாகும்.

அட்டவணையின் அடியில் போக வேண்டிய குறிப்பு நான்கு விவரங்களைத் தாங்க வேண்டும்: எண்கள் எந்த எல்லைக்கு உரியவை, எந்தத் துறைக்கு எந்த எடையால் பிரிக்கப்பட்டன, எந்த எண்கள் மாநிலத்திலிருந்து பங்கிடப்பட்டவை, கோப்பு எந்தத் தேதியில் பதிவிறக்கப்பட்டது. கடைசி விவரத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். மாவட்ட மதிப்பீடுகள் முதல், திருத்திய, இறுதி என்று மாறிக்கொண்டே போகும். புதிய கோப்பு ஏறியதும் பழையது தளத்திலிருந்து காணாமல் போகும். மூலக் கோப்பையும் கிராமவாரி இணைப்பு அட்டவணையையும் தேதியிட்டு இப்போதே சேமித்து வையுங்கள். 2027 கணக்கெடுப்பு புதிய குறியீடுகளோடு வரும்போது அதை 2011உடன் கட்டுவதற்கு அந்த அட்டவணைதான் வேண்டியிருக்கும்.